அழைப்பும் ஊதியமும்: ஜெர்மானியப் பல்கலைக்கழகப் பணியின் வரலாறு

திருச்சபைப் பணியை நாம் 'அழைப்பு' என்று வழங்குகிறோம். குருத்துவப் பணிக்கு வருபவர் வேலை தேடி வந்தவர் அல்லர், அழைக்கப்பட்டு வந்தவர் என்பது நமது பொதுவான கருத்து. இதே சொல்லைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கும் வழங்கும் நாடு ஜெர்மனி. அங்கு ஒருவர் பேராசிரியராக 'நியமிக்கப்பட்டார்' என்பதைவிட 'அழைப்புப் பெற்றார்' என்று கூறுவதே மரபு. அவ்வழைப்பைக் குறிக்கும் சொல் 'ரூஃப்' என்பதாகும். வாழ்க்கைத் தொழிலைக் குறிக்கும் 'பெரூஃப்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

அழைப்பு என்னும் சொல் உயர்ந்தது. ஆயினும் உயர்ந்த சொற்கள் சில வேளைகளில் தாழ்ந்த நிலைமைகளை மூடி மறைக்கவும் பயன்படுவதுண்டு. அழைப்பு வருமளவும் அந்த அறிஞர் எதை உண்டு வாழ்ந்தார்? தகுதியிருந்தும் யாருக்கு அழைப்பு வராமற் போயிற்று? அழைத்தவர் யார்? ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க வரலாற்றை இம்மூன்று வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாமும் ஆசிரியர்களை அழைக்கின்ற ஒரு சமுதாயம் ஆதலின், இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

1. ஒரு சொல்லின் பயணம்

இடைக்காலத்தில் அழைப்பு என்பது பெரும்பாலும் துறவறத்தையும் குருத்துவத்தையுமே குறித்தது. உழவனும் தச்சனும் தத்தம் தொழிலிலேயே கடவுளுக்குப் பணி செய்கின்றனர் என்று மார்ட்டின் லுத்தர் போதித்தபோது அச்சொல் மடத்தின் மதிலைக் கடந்து வெளியே வந்தது. 'பெரூஃப்' என்பது உலகியல் தொழிலையும் குறிக்கும் பொருளைப் பெற்றது லுத்தருடைய வேதாகம மொழிபெயர்ப்பின் வழியாகவே என்பதை சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர், 1904, 1905 ஆம் ஆண்டுகளில் வெளியான புரொட்டஸ்டாண்டு ஒழுக்கம் பற்றிய தம் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்.

இப்போதனை எளியோரின் உழைப்புக்கு மாண்பளித்தது. ஆயினும், தொழில் கடவுளின் அழைப்பாயின் அதற்குரிய கூலியைக் கேட்பது அழைப்புக்கு இழுக்கு என்று எண்ணும் மனப்போக்கும் அதனோடு எளிதில் ஒட்டிக்கொண்டது. இது லுத்தரின் கருத்தன்று. பின்வந்தோரின் வசதி எனலாம்.

2. ஹாலே: புகலிடமும் புறக்கணிப்பும்

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஹாலே பல்கலைக்கழகம் அந்நியமானதன்று. தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தொலொமேயு சீகன்பால்கு அங்கே பயின்றவர். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 ஆம் ஆண்டு அச்சேறியதும் அந்நகரிலேயே. அவருக்கு ஆதரவாய் நின்ற ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களுள் ஒருவர்.

1694 இல் முறைப்படி திறக்கப்பட்ட அக்கழகம், வேறிடங்களில் கதவடைக்கப்பட்டோரின் புகலிடமாகவே தொடங்கியது. பிராங்கே லைப்சிக்கில் நடத்திய வேதபாட வகுப்புகள் தடைசெய்யப்பட்டன. பின்னர் எர்பர்ட் நகரிலிருந்து 1691 இல் அவர் வெளியேற்றப்பட்டார். சட்ட அறிஞரான கிறிஸ்டியான் தொமாசியுஸ் 1690 இல் லைப்சிக்கை விட்டு நீங்க நேர்ந்தது. இவ்விருவருக்கும் ஹாலேயில் இடம் கிடைத்தது.

ஆனால் ஒரு தலைமுறை கடந்தபின் நிகழ்ந்தது யாது? தத்துவப் பேராசிரியரான கிறிஸ்டியான் வொல்ஃப் 1721 இல் சீனரின் ஒழுக்கத் தத்துவம் குறித்து ஓர் உரை நிகழ்த்தினார். கன்பூசியசின் போதனையைச் சான்றாகக் காட்டி, பகுத்தறிவின் துணையாலேயே மனிதர் நல்லொழுக்கத்தை அறியக்கூடும் என்று வாதித்தார். பக்திநெறியைச் சேர்ந்த இறையியல் பேராசிரியர்கள், குறிப்பாக யோவாக்கிம் லாங்கே, அவரைக் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு அரசவைக்குச் சென்றது. 1723 நவம்பரில், 48 மணி நேரத்திற்குள் வெளியேற வேண்டும், தவறினால் தூக்கு என்று பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம் ஆணையிட்டார். வொல்ஃபை மார்பர்க் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1740 இல் புதிய மன்னர் அரியணையேறிய பின்னரே அவர் ஹாலேக்குத் திரும்ப முடிந்தது.

துரத்தப்பட்டவர்களால் நிலைபெற்ற ஓர் இல்லம், முப்பது ஆண்டுகளுக்குள் பிறரைத் துரத்தக் கற்றுக்கொண்டது. பிராங்கேயின் அனாதை இல்லத்தையும் அவரது அருட்பணி ஆர்வத்தையும் நன்றியோடு நினைக்கும் நாம் இதையும் மறைக்காமல் நினைத்தல் வேண்டும். பல்கலைக்கழகப் பதவியின் உறுதி, பதவியிலிருப்பவரின் கல்வியை மட்டும் பொறுத்ததாய் இருக்கவில்லை. அழைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர் மனத்தையும் பொறுத்ததாய் இருந்தது.

3. கான்ட் காத்திருந்த ஆண்டுகள்

காத்திருத்தல் என்பதற்குச் சிறந்த உதாரணம் இம்மானுவேல் கான்ட் ஆவார். 1755 இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பிக்கும் உரிமையைப் பெற்றார். உரிமை கிடைத்ததேயன்றிச் சம்பளம் கிடைக்கவில்லை. அவர் விரிவுரையைக் கேட்க வரும் மாணவர் செலுத்தும் கட்டணமே அவருக்கு வருமானம். மாணவர் வந்தால் உணவு, வராவிட்டால் இல்லை. இத்தகைய ஆசிரியரை ஜெர்மானியர் 'பிரிவாட் டோட்சென்ட்' என்றனர். நாம் 'தனி விரிவுரையாளர்' எனலாம்.

1758 இல் தர்க்கம், அப்பாலைத் தத்துவம் ஆகியவற்றிற்கான பேராசிரியர் பதவி காலியானபோது கான்ட் விண்ணப்பித்தார். பதவி வேறொருவருக்குச் சென்றது. தர்க்கம், தத்துவம், கணிதம், இயற்பியல், புவியியல் எனப் பல பாடங்களை அவர் போதித்து வந்தார். 1766 இல் அரண்மனை நூலகத்தின் துணை நூலகராக ஆண்டுக்கு 62 தாலர் பெற்றதே அவரது முதல் நிலையான சம்பளம். 1770 இல், தம் 45 ஆம் வயதில், தாம் விரும்பிய பதவியை அடைந்தார்.

பதினைந்து ஆண்டுகளின் காத்திருப்பை வென்ற கான்ட்டை வரலாறு அறியும். அதே காலத்தில் காத்திருந்து, கடன்பட்டு, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சென்றுவிட்டவர்களின் பெயர்களை வரலாறு அறியாது. வென்றவரின் கதையை மட்டும் எடுத்துக் கூறி, பொறுமை பலனளிக்கும் என்று போதிப்பது முழு உண்மை ஆகாது.

4. பெர்லின் வகுத்த நெறி

1810 இல் பெர்லின் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் திட்டமும், இறையியலறிஞர் பிரெடெரிக் ஷ்லையர்மாக்கரின் சிந்தனையும் அதற்கு அடித்தளமிட்டன. ஆசிரியர் தாம் அறிந்ததை ஒப்புவிப்பவராக மட்டும் இராமல், புதிய அறிவைத் தேடுபவராகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒருவரிடமே இணைந்திருக்க வேண்டும் என்னும் இக்கருத்து பின்னர் உலகெங்கும் பரவியது.

இக்கொள்கைக்கு ஏற்பப் பணிக்கு வரும் வழியும் ஒழுங்குபடுத்தப்பட்டது. முனைவர் பட்டம் மட்டும் போதாது. அதன்பின் மற்றோர் ஆய்வேட்டை எழுதி, ஆசிரியர் குழுவின் முன் சோதனை விரிவுரை நிகழ்த்தி, அவர்தம் வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். இதற்கு 'ஹபிலிடாட்சியோன்' என்று பெயர். 1816 இல் வெளியான பெர்லின் சட்டதிட்டங்கள் இதனை முறைப்படுத்தின. இதில் தேறியவர் தனி விரிவுரையாளராவார். பேராசிரியர் பதவி ஒன்று காலியாகும்போது, அத்துறையின் ஆசிரியர் குழு பெரும்பாலும் மூவர் பெயர்களை வரிசைப்படுத்தி அரசுக்கு அனுப்பும். அமைச்சர் அவருள் ஒருவரை அழைப்பார். வரிசையை மீறவும் அவருக்கு இயலும். ஆசிரியர் குழுக்கள் உட்பகைக்கும் பொறாமைக்கும் ஆளாகும் என அஞ்சியதால், நியமன உரிமை அரசிடமே இருத்தல் நலம் என்று ஹும்போல்ட்டே கருதினார்.

அறிவுக்குத் தேர்வு வைக்கும் வகையில் இம்முறை சிறந்ததே. ஆனால் மற்றொரு தேர்வும் சொல்லாமலே இதில் அடங்கியிருந்தது. அது செல்வத்தின் தேர்வு. தேர்வு நடத்தும் பேராசிரியரின் விரிவுரைகளுக்கே மாணவர் திரண்டு சென்று கட்டணம் செலுத்துவர். தேர்வதிகாரம் இல்லாத தனி விரிவுரையாளரிடம் வருவோர் சிலரே. 1820 இல் ஆர்தர் ஷோப்பன்ஹவர் பெர்லினில் ஹெகல் விரிவுரை நிகழ்த்திய அதே நேரத்தைத் தம் விரிவுரைக்கும் தேர்ந்துகொண்டார். அவரைக் கேட்க வந்தவர் மிகச் சிலரே. தந்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தமையால் அவர் அத்தோல்விக்குப் பின்னும் நூலெழுதி வாழ முடிந்தது. ஏழைக் குடியானவனின் மகனுக்கு அத்தோல்வியே முடிவாக இருந்திருக்கும்.

5. வாயிலில் நிறுத்தப்பட்டோர்

சம்பளம் பெறாத தனி விரிவுரையாளருக்கு ஒரு விடுதலை இருந்தது: அரசின் ஊழியர் அல்லாதவரை அரசு தண்டிக்க இயலாது. அந்த விடுதலையும் நிலைக்கவில்லை. பெர்லினில் இயற்பியல் கற்பித்த லேயோ அரோன்ஸ் சமூக ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர். அவரை நீக்க ஆசிரியர் குழு மறுத்தது. அதனால் பிரஷ்ய அரசு 1898 இல் ஒரு சட்டத்தையே இயற்றித் தனி விரிவுரையாளர்களையும் தன் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தியது. 1900 இல் அரோன்ஸ் நீக்கப்பட்டார். சம்பளம் கொடாத அரசு, தண்டிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டது.

கேயோர்க் சிம்மல் 1885 முதல் பெர்லினில் கற்பித்தவர். அவர் விரிவுரைகளுக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவர் நூல்கள் பல நாடுகளில் அறியப்பட்டன. 1908 இல் ஹைடல்பர்க் பதவிக்கு மாக்ஸ் வெபர் அவரை ஆதரித்தார். ஆயினும் யூதப் பகைமை வெளிப்படையாய்த் தெரியும் ஒரு மதிப்பீட்டுக் கடிதம் அமைச்சகத்திற்குச் சென்றது; பதவி கிடைக்கவில்லை. 1914 இல், தம் 56 ஆம் வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் முழுப் பேராசிரியரானார்; நான்கு ஆண்டுகளில் மறைந்தார். சிம்மல் குழந்தையாயிருக்கும்போதே புரொட்டஸ்டாண்டு திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதை நாம் மறத்தலாகாது. திருச்சபை அவரைத் தன் பிள்ளையென ஏற்றது. கிறிஸ்தவப் பண்பாட்டைப் போற்றுவதாகக் கூறிக்கொண்ட பல்கலைக்கழகமோ அவரை யூதரெனவே கண்டது.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. கணித மேதை எம்மி நோத்தர் எர்லாங்கனில் 1907 இல் முனைவரானபின் ஏழாண்டுகளுக்கு மேல் ஊதியமின்றி உழைத்தார். 1915 இல் டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் அவரை கோட்டிங்கனுக்கு வரவழைத்தனர். ஆசிரியர் குழுவில் ஒரு பகுதியினர் பெண்ணுக்குக் கற்பிக்கும் உரிமை வழங்க மறுத்தனர். எனவே அவர் நடத்திய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1919 இல் உரிமை கிடைத்தது. சிறு ஊதியம் 1923 இல்தான் கிடைத்தது. அவ்வாண்டுகளில்தான் நவீன இயற்கணிதத்தின் அடிப்படைகளை அவர் அமைத்துக் கொண்டிருந்தார்.

தத்துவ அறிஞர் எடித் ஷ்டைன் 1919 இல் கோட்டிங்கனில் முயன்று, பெண் என்னும் காரணத்தால் தடுக்கப்பட்டார். அவர் அமைச்சருக்கு முறையிட்டார். அதன் பயனாக, பெண்ணாயிருத்தல் ஒரு தடையாகாது என்னும் ஆணை 1920 பெப்ரவரி 21 அன்று வெளிவந்தது. ஆணையைப் பெற்றுத்தந்த அவருக்கோ எந்தப் பல்கலைக்கழகமும் அவ்வுரிமையை வழங்கவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்தவராதலின், துறவியாய் வாழ்ந்த நிலையிலேயே கைது செய்யப்பட்டு 1942 இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

6. வெபரின் நேர்மை

1917 நவம்பரில் மூனிக் நகர மாணவர்முன் மாக்ஸ் வெபர் 'அறிவியல் ஓர் அழைப்பு' என்னும் பொருளில் உரையாற்றினார். அழைப்பின் மாண்பைப் பற்றிக் கேட்க வந்த இளைஞருக்கு அவர் முதலில் எடுத்துரைத்தது பதவியின் புறநிலையையே. அமெரிக்காவில் இளம் உதவியாளர் தொடக்கம் முதலே சிறு சம்பளம் பெறுகிறார், ஆனால் எளிதில் நீக்கப்படுவார். ஜெர்மனியில் சம்பளம் இல்லை, ஆனால் நீக்கமும் அரிது. ஆகவே கையில் பொருளுள்ளவரே துணிந்து இறங்கக்கூடிய வாழ்க்கை இது என்று விளக்கினார். திறமைக்கு இடமுண்டு, ஆனால் தற்செயலுக்கும் பேரிடமுண்டு என்றார். தாமும் இளமையிலேயே பேராசிரியரானது தகுதியால் மட்டும் அன்று என்பதை அவர் மறைக்கவில்லை.

அழைப்பைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் நலமாயிருக்கும். முதலில் நிலைமையைச் சொல்லுதல். பின்னர் மாண்பைச் சொல்லுதல். மாண்பை மட்டும் சொல்லி இளைஞரை அழைப்பது அவர்தம் நம்பிக்கையைச் சுரண்டுவதாகும்.

7. 1933: வெளியேற்றமும் விருந்தோம்பலும்

1933 ஏப்ரல் 7 அன்று ஹிட்லர் அரசு இயற்றிய அரசு ஊழியர் சட்டம் யூதரையும் அரசியல் எதிரிகளையும் பல்கலைக்கழகங்களிலிருந்து அகற்றியது. அரசே அழைக்கும் என்ற பழைய ஏற்பாட்டின் ஆபத்து அப்பொழுது முழுமையாய் வெளிப்பட்டது. அழைத்த கையே வெளியே தள்ளியது. பெரும்பாலான உடன்பணியாளர் மௌனம் காத்தனர். காலியான இருக்கைகள் பலவற்றில் வேறு அறிஞர் அமர்ந்தனர். நோத்தரும் வெளியேற்றப்பட்டு, அமெரிக்காவில் பிரின் மார் பெண்கள் கல்லூரியில் புகலிடம் பெற்று, 1935 இல் காலமானார்.

இறையியலறிஞர் கார்ல் பார்த் முனைவர் பட்டமோ ஹபிலிடாட்சியோனோ இல்லாமல், ரோமர் நிருப விளக்கவுரையின் சிறப்பினாலேயே ஸஃபென்வில் சபைப் போதகர் நிலையிலிருந்து 1921 இல் கோட்டிங்கனுக்கு அழைக்கப்பட்டவர். விதிகள் விலக்களிக்கவும் வல்லவை என்பதற்கு அவரே சான்று. அவரை பான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியதும் விதியே: ஹிட்லருக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி அளிக்க மறுத்ததால் 1934 இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்டு, 1935 இல் விலக்கப்பட்டார். சொந்த நகரமான பாசல் அவரை உடனே ஏற்றுக்கொண்டது.

பால் தில்லிக் பிராங்பர்ட்டில் தத்துவப் பேராசிரியர். சமயச் சோஷலிசக் கருத்துகளை வெளிப்படையாய்க் கூறியவர். 1933 ஏப்ரலிலேயே பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். அவரை ரைன்ஹோல்ட் நீபுரின் முயற்சியால் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரி அழைத்தது. பொருளாதார மந்தத்தின் நடுவில் கல்லூரியிடம் பணம் இல்லை. எனவே அங்கிருந்த ஆசிரியர்கள் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 5 பங்கைக் குறைத்துக்கொண்டு அவருக்கு ஊதியம் அளித்தனர். 47 வயதில், ஆங்கிலம் சரிவரப் பேச அறியாத நிலையில் வந்தவர், 1940 இல்தான் அங்கு முழுப் பேராசிரியரானார்.

நாம் கண்ட வரலாற்றில், அழைப்பு என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெற்ற இடம் இதுவே என்று துணிந்து கூறலாம். அழைத்தவர்கள் தங்கள் கையிலிருந்து செலவிட்டு அழைத்தார்கள்.

8. தொடரும் காத்திருப்பு

போருக்குப் பின் மாணவர் கட்டணத்தை நம்பி வாழும் முறை மறைந்தது. ஆய்வு உதவியாளர் பணிகளுக்குச் சம்பளம் வந்தது. ஆயினும் காத்திருப்பு நீங்கவில்லை. ஹபிலிடாட்சியோன் இல்லாமலே கற்பிக்கும் உரிமையளிக்கும் 'இளநிலைப் பேராசிரியர்' பதவி 2002 இல் அறிமுகமாயிற்று. 2007 இல் வந்த சட்டம், முனைவர் பட்டத்திற்கு முன் 6 ஆண்டுகளும் பின் 6 ஆண்டுகளும் தற்காலிக ஒப்பந்தத்தில் பணியமர்த்த இடமளித்தது. அதற்குள் நிரந்தரப் பதவி கிட்டாதவர், நாற்பது வயதை நெருங்கும் நிலையில் வேறு வழி தேட வேண்டியவரானார். ஒரு தலைமுறையே எல்லாப் பதவிகளையும் அடைத்துக்கொண்டிராமல் புதியவருக்கு இடம் விடுவதற்கே இச்சட்டம் என்று 'ஹன்னா' என்னும் கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டு கல்வி அமைச்சகம் ஒரு படத்தில் விளக்கியது. 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர் 'நானும் ஹன்னாவே' என்று தத்தம் கதையை வெளியிட்டனர். தேவை இல்லாத வேலையை அவர்கள் கேட்கவில்லை. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிக ஆளை மாற்றி மாற்றி அமர்த்துவது ஏன் என்றே வினவினர்.

9. நாம் கற்பன

திராட்சத்தோட்ட வேலையாட்களைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையில், பகலெல்லாம் சும்மா நிற்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். வீட்டெஜமான் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் அழைத்தார். அழைத்ததோடு நில்லாமல் அன்றைய உணவுக்குப் போதிய கூலியும் கொடுத்தார். அழைப்பும் ஊதியமும் அங்கே பிரிக்கப்படவில்லை.

ஹாலே முதல் இந்நாள்வரையுள்ள வரலாறு நமக்குச் சொல்லுவது இதுவே. தகுதியைச் சோதிக்கும் முறை எவ்வளவு நுட்பமாயிருந்தாலும், காத்திருக்கும் காலத்திற்கு உணவில்லையெனில் அது செல்வரையே தேர்ந்தெடுக்கும். அழைக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்பார் இல்லையெனில், அது தனக்கு ஒத்தவரையே அழைக்கும். ஆதலின் ஒரு கல்லூரியோ திருச்சபையோ ஆசிரியர் ஒருவரை அழைக்கத் தீர்மானிக்கும்போது, அவருடைய ஆய்வேட்டைப் படிப்பதோடு தன் வரவு செலவுக் கணக்கையும் படித்தல் வேண்டும். விண்ணப்பித்தவர் பட்டியலைப் பார்ப்பதோடு, அப்பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பே இல்லாமற் போனவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். வாயிலுக்கு வெளியே நிற்பவருள் ஒரு நோத்தர் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் இல்லாவிடினும், அன்றைய உணவுக்காக வேலை கேட்டு நிற்கும் ஒரு மனிதர் நிச்சயம் இருக்கிறார். அவரை நம் கணக்கில் சேர்ப்பதே அழைப்பு என்னும் சொல்லைக் கையாளும் உரிமையை நமக்குத் தரும்.